நாய்க்குத் தைலம் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு நிமிடம் பேசுங்கள்

குமுளி, தேக்கடி, வண்டிப்பெரியாறு, கம்பம், போடி பக்கத்து வாசனைப் பொருள் கடைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏலக்காய், மிளகு, கிராம்பு மூட்டைகளுக்கு நடுவே உங்கள் கடைகளில் ஒரு தட்டு முழுக்கத் தைலக் குப்பிகள் இருக்கின்றன. யூக்கலிப்டஸ், புல்தைலம், கிராம்பு, பட்டை, விண்டர்கிரீன், லாவெண்டர், டீ ட்ரீ. சளிக்கும் மூட்டுவலிக்கும் வாங்கிப் போனவர்களோடு இப்போது "நாய்க்கு எது நல்லது?" என்று கேட்கிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வரும் சுற்றுலாக்காரர்கள் வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்குக் கேட்கிறார்கள். எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள் காவல் நாயின் உண்ணிக்குக் கேட்கிறார்கள். நானும் இந்த மலையில் கோம்பை நாய் வளர்க்கிறவள்தான். அக்கம்பக்கத்தில் நாய்க்கு ஏதாவது ஆனால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்கு என்று யார் கேட்டாலும் குப்பியைக் கொடுக்கும்போது, "இதை அப்படியே மேலே தேய்க்காதீர்கள், வாயில் விடாதீர்கள், குடிக்கும் தண்ணீரில் கலக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். அதையே தமிழிலும் மலையாளத்திலும் குப்பியில் ஒட்டுங்கள்.

இலையிலிருந்து வந்த பொருள் என்பதால் தைலம் சாதுவானது என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. புல்தைலம் காய்ச்சி வடிக்கிறவர்களைக் கேட்டாலே உண்மை தெரியும். நூறு கிலோ பச்சைப் புல்லை அடுப்பேற்றினால் அரைக் கிலோவுக்குள்தான் தைலம் கிடைக்கும். அத்தனை புல்லின் காரமும் அந்தச் சின்னக் குப்பிக்குள் அடைபட்டிருக்கிறது. நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. தைலம் கொழுப்பில் கரைவது, தோல் வழியாகவே ரத்தத்தில் போய்ச் சேரும். தோலில் தங்கியதை நாய் நக்கித் தின்னும். இரண்டு வழியாகவும் போவது கடைசியில் ஈரலுக்குத்தான்.

டீ ட்ரீ தைலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விலங்குகளுக்கான நச்சு உதவி மையம் ஒன்றுக்கு 2002 முதல் 2012 வரை வந்த அழைப்புகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளியானது. நீர்க்காத டீ ட்ரீ தைலம் பட்ட 443 விலங்குகளின் விவரம் அதில் இருக்கிறது. அவற்றில் 337 நாய்கள், 106 பூனைகள். பத்தில் ஒன்பது பங்குக்கு, தைலத்தைக் கொடுத்ததோ தேய்த்ததோ வளர்த்தவர்களேதான், நல்லது என்று நம்பித்தான். எச்சில் ஒழுகுதல், சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், காலில் பலம் போதல் ஆகியவைதான் அதிகம் கண்ட அறிகுறிகள். அவை தைலம் பட்ட 2 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் தெரிந்தன, சில விலங்குகளுக்கு 3 நாள் வரை நீடித்தன.

அந்த 12 மணி நேரத்தைக் கவனியுங்கள். சாயங்காலம் தேய்த்தால் நடு இரவில்தான் நாய்க்குக் கால் பின்னும். அதற்குள் தைலம் தேய்த்ததே வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. விஷம் வைத்துவிட்டார்கள், பாம்பு கடித்துவிட்டது என்று பதறுவார்கள். மருத்துவரிடம் தைலத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். காட்டுப்பாதையில் அந்த நேரத்தில் ஜீப் கிடைப்பதும் லேசில்லை. கடையில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை இத்தனையையும் தடுத்துவிடும்.

டீ ட்ரீ வெளியூர்ச் சரக்கு. நம் ஊர்க் கைவைத்தியத்துக்கு வருவோம். வேப்பெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ சூடத்தைப் பொடித்துப் போட்டு, யூக்கலிப்டஸ் தைலத்தையும் ஊற்றி உண்ணிக்குத் தேய்ப்பது கம்பம் பள்ளத்தாக்கிலும் இடுக்கித் தோட்டங்களிலும் சாதாரணமாக நடக்கிறது. என் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இப்படித் தேய்த்த குட்டி அன்றிரவே வலிப்பு கண்டு இறந்துபோனது. அந்த வீட்டுக்காரர்கள் ஏழைகள், நாயைப் பிள்ளை போல வளர்த்தவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கடையில் சொன்ன கலவை என்றுதான் சொன்னார்கள். சூடம் தோல் வழியாக வேகமாக உள்ளே போகும், வலிப்பை வரவழைக்கும். யூக்கலிப்டஸ் தைலத்தில் இருக்கும் சினியோலும் உள்ளே போனால் வாந்தி, தளர்ச்சி, வலிப்பு வரை கொண்டுபோகும். இரண்டையும் சேர்த்து, உடம்பு முழுக்க, எடை குறைந்த குட்டிக்குத் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் உறவுக்காரன். மூட்டு வலிக்கும் கிழட்டு நாய்க்கு அதைத் தேய்த்து, அது நக்கினால் ஆஸ்பிரின் நஞ்சுதான். வயிறு புண்ணாகும், ரத்த வாந்தி வரும். கிராம்புத் தைலமும் பட்டைத் தைலமும் தோலையும் வாயையும் எரித்துப் புண்ணாக்கும். கிராம்பின் யூஜினால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். புதினா இனத்தைச் சேர்ந்த பென்னிராயல் தைலம் தெள்ளுப்பூச்சிக்கு என்று வெளிநாடுகளில் பெயர் வாங்கியது. 60 மில்லிலிட்டர் அளவுக்கு அதை உடம்பில் தேய்த்த ஒரு நாய் ஈரல் அழுகி இரண்டு நாளுக்குள் இறந்ததை 1992-இல் மருத்துவ இதழிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இப்போது அது இணையத்தில் விலைக்குக் கிடைக்கிறது, நாளை உங்கள் தட்டுக்கும் வரலாம். வாங்கி வைக்காதீர்கள்.

உண்ணிக்கு என்ன செய்வது என்று கேட்டால் கால்நடை மருத்துவரிடம் அனுப்புங்கள். மாத்திரையும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. உண்ணி வெறும் அரிப்பு அல்ல. எர்லிக்கியா, பேபீசியா என்ற காய்ச்சல் கிருமிகளைச் சுமந்து வருகிறது. தைலத்தை நம்பி நாலு வாரம் கடத்தினால் நாய்க்கு ரத்தம் வற்றிவிடும்.

இவ்வளவும் சொன்னபின் "அப்படியானால் தைலமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூக்கு வழியாக, தூரத்திலிருந்து, மிகக் குறைவாக என்றால் சில வாசனைகளால் நாய்க்குப் பயன் உண்டு.

வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா வெல்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். 2005-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், காப்பகத்தில் இருந்த 55 நாய்களுக்கு நான்கு வாசனைகளைக் காற்றில் பரப்பினார்கள். லாவெண்டரும் கெமோமைலும் பரவியபோது நாய்கள் அதிகம் படுத்து ஓய்ந்தன, குரைப்பு குறைந்தது. ரோஸ்மேரியும் பெப்பர்மின்டும் பரவியபோது நடமாட்டமும் குரைப்பும் கூடின. அடுத்து 2006-இல் காரில் ஏறினாலே துள்ளிக் குதித்துக் குரைக்கும் 32 நாய்களை வைத்து ஓர் ஆய்வு. காருக்குள் லாவெண்டர் வாசம் இருந்த நாட்களில் அவை கூடுதல் நேரம் உட்கார்ந்தும் படுத்தும் வந்தன.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. எல்லா நல்ல வாசமும் நாயை அமைதிப்படுத்தாது, பெப்பர்மின்ட் எதிர்த் திசையில் போகும். அப்புறம், அந்த ஆய்வுகளில் வாசம் காற்றில்தான் இருந்தது, நாயின் தோலில் அல்ல.

அதனால் அமைதிக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கு லாவெண்டர் கொடுங்கள், இப்படிச் சொல்லிக் கொடுங்கள். ஒரு பஞ்சில் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் நாய் எழுந்து வெளியே போக வழி வேண்டும். அரை மணி நேரம் போதும், பிறகு பஞ்சை எடுத்துவிடலாம். நம் மூக்குக்கு லேசாக எட்டினாலே நாய்க்குத் தாராளம், அதன் மோப்பம் நம்மைவிட எத்தனையோ மடங்கு கூர்மையானது. தும்மினாலோ, முகத்தைத் திருப்பினாலோ, வாயை நக்கிக்கொண்டே இருந்தாலோ, எழுந்து போனாலோ அதற்கு அது வேண்டாம் என்று பொருள். விட்டுவிட வேண்டியதுதான்.

சங்கிலியில் கட்டிய நாய்க்கு இதைச் செய்யவே கூடாது. நம் தோட்டங்களில் காவல் நாய்கள் பெரும்பாலும் சங்கிலியில்தான் கிடக்கின்றன. ஒதுங்க முடியாத உயிருக்குப் பக்கத்தில் வாசனையைக் கொளுத்தி வைப்பதில் அமைதி இல்லை, வதைதான் இருக்கிறது. ஏசி போட்டு அடைத்த அறையும் அப்படித்தான். தண்ணீர்ப் புகை விடும் டிஃப்யூசரை மூடிய அறையில் மணிக்கணக்கில் ஓட்டினால் தைலத்தின் நுண்துளிகள் நாயின் முடியில் படியும், அதை அது நக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய், ஆஸ்துமா உள்ளது, வலிப்பு வந்தது, ஈரல் கெட்டது, சினையாக இருப்பது, பால்குடிக் குட்டி, இவை உள்ள வீட்டில் மருத்துவரைக் கேட்காமல் எந்தத் தைலமும் வேண்டாம். பூனையும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இந்தச் சரக்கைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு நாயைவிடக் குறைவு.

தோலில் தடவத்தான் வேண்டும் என்று மருத்துவரே சொல்லியிருந்தாலும் நீர்க்க வைத்துத்தான் தடவ வேண்டும். 20 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டு, அதுதான் கால் சதவீதம். குப்பியின் மூடியில் ஊற்றிக் கலக்கும் கணக்கு இதில் செல்லாது.

லாவெண்டர் நம் மலையில் பயிராவதில்லை. ஜம்மு பக்கம் பதர்வாவில் விளைகிறது, வெளிநாட்டிலிருந்தும் வருகிறது. வாசனைக்காகச் செய்யும் செயற்கைச் சரக்கும் அதே பெயரில் அதே அளவுக் குப்பியில் வருகிறது. தாவரத்தின் தாவரவியல் பெயரும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இல்லாத குப்பியை நாய்க்கு என்று தயவுசெய்து கொடுக்காதீர்கள். மொத்த வியாபாரியிடம் கேட்டு வாங்கும் பலம் உங்களுக்குத்தான் இருக்கிறது, வாங்குகிறவருக்கு இல்லை.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழையில் மத்தியானம் தாண்டினால் இந்த மலையில் இடி இறங்குகிறது. அதை ஒட்டித் தீபாவளி, பிறகு கோயில் திருவிழா வேட்டு, சித்திரையில் விஷுப் படக்கம், அதாவது பட்டாசு. உண்மையாகவே பயந்து நடுங்கும் நாய்க்கு லாவெண்டர் மட்டும் போதாது. உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைப் போட்டு, கட்டிலடியில் அது ஒடுங்க இடம் விட்டு, வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதிப் பயம் தணியும். மீதிக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து இருக்கிறது, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே போய்க் கேட்கச் சொல்லுங்கள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் வளைவுகளில் எச்சில் ஒழுக்கி வாந்தி எடுக்கும் நாய்க்கும் இதே பதில். அது பயணக் குமட்டல், வாசனையால் தீராது. குமட்டலுக்குத் தனி மருந்து உண்டு.

தைலம் பட்டுவிட்டது என்று யாராவது ஓடிவந்தால் என்ன சொல்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே பட்டிருந்தால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான நீரும் போட்டுப் பலமுறை கழுவ வேண்டும். நக்கவிடக் கூடாது. விழுங்கியிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, தைலம் நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை மோசமாகும். பால், நெய் எதுவும் வேண்டாம். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும், எவ்வளவு, எப்போது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.

இப்படியெல்லாம் சொன்னால் வியாபாரம் குறையும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. சீசன் மாதங்களில் கிடைப்பதை வைத்துத்தான் வருஷம் முழுக்கக் குடும்பம் நடக்கிறது. ஆனால் லாவெண்டர் விற்பதை நான் தடுக்கவில்லை, பஞ்சில் விடச் சொல்லி விற்கச் சொல்கிறேன். நாய் நலமாக இருக்கிற வீட்டுக்காரர் அடுத்த முறையும் உங்கள் கடைக்குத்தான் வருவார். உண்ணிக்கு டீ ட்ரீயும் யூக்கலிப்டஸும் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பினால் ஒரு குப்பி விற்காமல் போகும், அவ்வளவுதான்.

குப்பியில் ஒட்டவேண்டிய வாசகத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன், அப்படியே அச்சடித்துக்கொள்ளலாம்: "நாய், பூனை மேல் தேய்க்கக் கூடாது. வாயிலோ தண்ணீரிலோ விடக் கூடாது. பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, இந்தக் குப்பியோடு கால்நடை மருத்துவரிடம் போகவும்." மலையாளத்தில் எழுதித்தர உங்கள் கடைப் பிள்ளைகளே போதும். ஐப்பசி பிறப்பதற்குள் ஒட்டிவிட்டால் இந்தத் தீபாவளிக்கே பயன்படும்.

அன்புடன்,
குமுளியிலிருந்து, கோம்பை நாய் வளர்க்கும் ஒரு தோட்டத்துப் பெண்