செயலாளர் ஆண்டறிக்கை: வடக்குக்கும் ரயில் வேண்டும்

பெரியோர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல், காவடி, வருஷப்பிறப்பு, புரட்டாசிக் கோவிந்தன் வழிபாடு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் தொடர்கிறது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, மொரிஷியஸின் வடக்குக்கும் மெட்ரோவை நீட்டக் கேட்டு நாம் கொடுத்த ரயில் மனுதான். "சங்கத்துக்கு இது எதற்கு?" என்று செயற்குழுவிலேயே சிலர் கேட்டார்கள். விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தானே? மொரிஷியஸின் முதல் ரயில் 1864-இல் ஓடியது நம் வடக்குப் பாதையில், தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து பாம்பிள்மூஸ் வழியாக ஃபிளாக் பக்கம். 1956-இல் பயணிகள் ரயில் நின்றது. மெட்ரோ 2020-இல் ரோஸ் ஹில்லுக்கும் போர்ட் லூயிஸுக்கும் இடையே ஓடத் தொடங்கி 2022-இல் தெற்கே கியூர்பிப்பை எட்டிவிட்டது. வடக்கே ஒரு முழம் தண்டவாளம்கூட இல்லை. வடக்குப் பக்கம் மெட்ரோவின் கடைசி நிலையம் போர்ட் லூயிஸில் உள்ள ஆப்ரவாசி காட். நம் பஸ்கள் போய் நிற்கும் இமிக்ரேஷன் சதுக்கமும் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

மூன்று வழிகளை ஒப்பிட்டோம். பழைய ரயில் பாதை ஊர்களுக்குள்ளேயே போகும். ஆனால் இத்தனை காலத்தில் வீடும் சாலையும் குறுக்கே வந்துவிட்டன. நெடுஞ்சாலை ஓரமாகப் போட்டால் இடிப்பது குறைவு. நிலையத்துக்குப் போகவே இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். மூன்றாவது, பஸ்ஸுக்கென்று தனித்தடம். செலவு குறைவு, சீக்கிரம் முடியும். என் கருத்து: தனித்தடத்தை இப்போதே போடட்டும், ரயிலுக்கான நிலத்தையும் இப்போதே ஒதுக்கி வைக்கட்டும். கியூர்பிப் மெட்ரோ பெருமளவு பழைய ரயில் பாதையை ஒட்டித்தான் போகிறது. நிலம் கைவிட்டுப் போனால் பிறகு ரயிலைவிட இழப்பீட்டுக்கே பணம் அதிகம் போகும்.

பாம்பிள்மூஸ் நிறுத்தத்தில் காலையில் நின்று கணக்கெடுத்தோம். நோட்டில் மூன்று பத்தி: வந்த பஸ், நிற்காமல் போன பஸ், ஏற முடியாமல் நின்றவர்கள். மூன்றாவது பத்திதான் முதலில் நிரம்பியது. ஒரு பக்கத்தில் மழை பட்டு மை பரவியிருக்கிறது. எண்கள் தெரிகின்றன, அதனால் அப்படியே மனுவோடு இணைத்தேன். முறை போட்டுப் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவேயில்லை. வேலை இருந்திருக்கும், சரி. ஒரு போன் செய்திருந்தால் வேறு ஆள் நின்றிருப்பார். கூட்டத்துக்கு வராதவர்கள் பிறகு தெருவில் பார்த்து "ரயில் என்னாச்சு?" என்று கேட்பது மனத்தை வருத்துகிறது. மனுவை வாங்கிய அலுவலகம் முத்திரை போட்டுக் கொடுத்தது. பதில் இன்னும் வரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் கையில் கொஞ்சம் இருப்பு இருக்கிறது. சந்தா பாக்கியோ நிறைய. வரைபட நகலெடுக்க ஆன செலவைச் செயற்குழுவில் சிலர் கைக்காசிலிருந்து கொடுத்தார்கள்.

கோயில் நிர்வாகத்துக்கும், சமையலில் உதவிய மகளிருக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யார் ஏற்றாலும் கோப்புகளை ஒழுங்காக ஒப்படைப்பேன். என்னையே தொடரச் சொன்னால், கணக்கெடுக்க ஊருக்கு இரண்டு பேராவது என்னோடு நிற்க வேண்டும். பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் அருகே இருப்பார்.

செயலாளர்