நம் பேஞ்சோ சங்கத்தின் செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், காலை ஃபெரியைப் பிடித்து பட்டர்வொர்த்திலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

முதலில் துயரச் செய்தி. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நம்மோடு இருந்த ஆயர் ஈத்தாம் ஊர்க்கார ஐயா இந்த ஆண்டு காலமானார். அவர் வாசித்த ஸிதர் பேஞ்சோவை (வட்ட வளையத்தில் தோல் போர்த்திய தந்தி வாத்தியமான பேஞ்சோவின் பழைய வகை ஒன்று) அவருடைய குடும்பத்தார் சங்கத்திடமே ஒப்படைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் அனைவரின் சார்பிலும் நன்றி. அதை எடுத்துப் பார்க்கும் புதிய உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை: தலையில் தந்தியை முறுக்கும் பிரடை ஆறு இருக்கும், தந்தி ஐந்துதான். ஒன்று அறுந்து போய்விட்டது என்று நினைத்து ஆறாவது தந்தி மாட்ட வேண்டாம். கிட்டாருக்கான பிரடைகள் பக்கத்துக்கு மூன்றாக வந்தன, அவற்றையே இதிலும் பொருத்தினார்கள். ஐந்தாவது தந்தி ஐந்தாம் மெட்டுக்கு அருகே கழுத்துக்குள் ஒரு குழாயில் இறங்கி, உள்ளேயே ஓடித் தலைக்குப் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஆல்ஃபிரட் கேமையர் பரப்பிய வடிவம் இது. ஐயா அதை எவ்வளவு மெதுவாகத் துடைப்பார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அவற்றில் பாதிக்கு மேல் பேஞ்சோவின் தோல் பிரச்சினையிலேயே போயிற்று. 1950களின் கடைசியில் பிளாஸ்டிக் தோல் வரும்வரை பேஞ்சோவுக்குப் பெரும்பாலும் கன்றுத்தோல்தான். நம் ஊர் ஈரக்காற்றில் கன்றுத்தோல் தண்ணீரை இழுத்துத் தொய்ந்துவிடும். தந்தியைத் தாங்கும் குதிரை தாழ்ந்து, நாதம் அமுங்கிப் போகும். உடனே சாவியை எடுத்து, தோலை இறுக்கும் கொக்கிகளை எல்லாம் முடுக்கிவிடுகிறோம். அப்புறம் இரவு முழுக்க ஏர்கோன் அறையில் வைத்தால், தோல் காய்ந்து இழுத்துக்கொண்டு கிழிகிறது. இப்படி இந்த ஆண்டு நல்ல தோல்கள் வீணாயின. மழைக்காலத்தில் முடுக்கினால், வாசித்து முடித்ததும் தளர்த்திவிடுங்கள். பிளாஸ்டிக் தோல் போடுவதை நான் குறையாகவே நினைக்கவில்லை. ஆனால் அது சுலபமாகக் கிடைப்பது 11 அங்குல வளையத்துக்கு. பழைய இங்கிலாந்து பேஞ்சோக்களின் விட்டம் ஆளுக்கொரு அளவில் இருப்பதால், அவற்றுக்குக் கன்றுத்தோலை விட்டால் வேறு வழி குறைவு.

இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. விலங்குக் குடலில் திரித்த நரம்புத் தந்திக்காகச் செய்த பழைய பேஞ்சோவில் எஃகுத் தந்தி மாட்டாதீர்கள். அந்தக் கழுத்துக்குள் இரும்புக் கம்பி கிடையாது, வளைந்துவிடும். நைலான் போதும், இனிமையாகவே பேசும்.

லோரோங் கூலிட் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பேஞ்சலேலே அகப்பட்டது. 1930களில் நகைச்சுவைப் பாடகர் ஜார்ஜ் ஃபார்ம்பியால் இங்கிலாந்தில் புகழ்பெற்ற சின்ன பேஞ்சோ வகை. நிக்கல் பூச்சு கடல்காற்றில் பொரிந்திருந்தாலும் வளையம் நேராக இருக்கிறது.

இனி, இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்த விஷயம். விற்பனை நாளில் ஓர் உறுப்பினர் கிப்சன் கம்பெனியின் ஐந்து தந்தி பேஞ்சோ ஒன்றை விற்றார். வாங்கிய தம்பி அது முழுவதும் 1920களில் செய்தது என்று நம்பி வாங்கினார். வளையம் அந்தக் காலத்ததுதான், ஆனால் கழுத்து பிற்பாடு செய்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பணம் கைமாறிய பிறகு மனத்தாங்கல் வந்துவிட்டது.

இது பேஞ்சோ உலகத்தில் அன்றாடம் நடப்பது. கிப்சன் 1925இல் மாஸ்டர்டோன் வரிசையைக் கொண்டுவந்தபோது நடன இசைக்குழுக்கள் கேட்டது நான்கு தந்தி டெனர் பேஞ்சோவை. அதனால் செய்யப்பட்டவற்றில் பெரும்பகுதி டெனர். 1945 கடைசியில் பேஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் அமெரிக்காவில் பில் மன்றோவின் இசைக்குழுவில் சேர்ந்து மூன்று விரல் வாசிப்பைக் கேட்க வைத்த பிறகு, எல்லோருக்கும் ஐந்து தந்தி வேண்டியதாயிற்று. பழைய டெனரின் கழுத்தைக் கழற்றிவிட்டுப் புதுக் கழுத்து போடுவது அப்படித்தான் பரவியது. அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். பெட்டிக்குள் கிடக்கும் டெனரைவிட, வாசிக்கப்படும் ஐந்து தந்தி எனக்குப் பெரிது. ஆனால் வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருப்பது தவறு. முழுமையாக அசலாக இருப்பதற்கும் கழுத்து மாறியதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

ஆகவே செயலவை முடிவெடுத்தது: சங்கத்தின் வழியாக விற்கும் ஒவ்வொரு பேஞ்சோவோடும் ஒரு தாள் போக வேண்டும். கழுத்து, தோல், டோன் ரிங் (தோலுக்கடியில் இருக்கும் உலோக வளையம்), பிரடை, குதிரை இவற்றில் எது அசல், எது மாற்றியது, எது தெரியாது என்று எழுத வேண்டும். ‘தெரியாது’ என்று எழுதுவதில் வெட்கமில்லை. வளையத்தின் உட்புறத்தில் எண் இருந்தால் படம் எடுத்து ஒட்ட வேண்டும். கழற்றிய பாகங்கள் எதுவானாலும் ஒரு பையில் கூடவே போக வேண்டும். இப்படிக் கெடுபிடி செய்தால் வாங்க ஆள் வரமாட்டார்கள் என்று கொம்தார் பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணன் சொன்னார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த விதியை இன்று நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த கிப்சன் விவகாரம் நல்லபடியாக முடிந்தது. பழைய டெனர் கழுத்து விற்றவர் வீட்டு அலமாரி மேலேயே இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துவந்து கொடுத்து, விலையிலும் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார். தம்பி பேஞ்சோவை வைத்துக்கொண்டார்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் அதே பேஞ்சோவில்தான் அவர் மோகனம் வாசித்தார். ஐந்து தந்திக்கான வழக்கமான ஜி சுருதியில் மூன்றாம் தந்தியை சட்ஜமாக வைத்தால், விரல் வைக்காத திறந்த தந்திகள் ச, க, ப மூன்றையும் கொடுக்கின்றன. ரிஷபமும் தைவதமும் மட்டும் விரலுக்கு. குட்டையான ஐந்தாம் தந்தி மேல் சட்ஜத்தைத் தம்பூரா மாதிரி பிடித்துக்கொண்டே இருக்கும். நாதம் சீக்கிரம் அடங்கிவிடுவதால் நீண்ட கமகத்துக்கு இடமில்லை, துரித கதியில் ஜொலித்தது. வீணை கற்ற அக்காமார் இருவர் அன்றே உறுப்பினர் படிவம் வாங்கிப்போனார்கள்.

வெளிநாட்டுக்கு விற்கும் உறுப்பினர்கள் கவனிக்க: பழைய பிரடையிலும் மரத்தில் பதித்த அலங்காரத்திலும் யானைத் தந்தமும் ஆமை ஓடும் இருக்கலாம். அனுமதியின்றி அனுப்புவது 2008ஆம் ஆண்டின் அழியும் உயிரினங்கள் வர்த்தகச் சட்டப்படி குற்றம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இன்றைய கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் போக வேண்டும். ஆகவே புதிய செயலவையினர் இன்றே கையெழுத்திட்டுவிட்டுப் புறப்படுங்கள். கன்றுத்தோல் வேண்டியவர்கள் வளையத்தின் வெளிவிட்டத்தை இரண்டு திசையிலும் அளந்து, பெயரோடு பொருளாளரிடம் கொடுங்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஆர்டராக அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர், பினாங்கு