டின் போய் டிரம் வரும்போது: மகளுக்கு ஒரு கடிதம்

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்குள்ள மாங்கூழ் ஃபேக்டரியில் டின் லைனை நிறுத்தி, கூழைச் சூட்டில் கிருமி நீக்கிக் கிருமியில்லாத பைகளில் நிரப்பும் அசெப்டிக் லைன் போடும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு அம்மாவுக்கும் எனக்கும் மனசு நிறைந்துபோனது. மெஷினை மாட்டி ஓட்டிக் காட்ட இன்ஜினியர்கள் வருவார்கள். ஆட்களைப் பழைய வேலையிலிருந்து புதிய வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உன் கையில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. டின் 3.1 கிலோ. டிரம்மில் போகும் பை சுமார் 215 கிலோ, அதாவது ஏறக்குறைய 70 டின். டின்னுக்கு மூடி சரியாகப் பதியவில்லை என்றால் அந்த ஒரு டின்னோடு நஷ்டம் நின்றுவிடும். அசெப்டிக்கில் அப்படி இல்லை. ஸ்டெரிலைசரில் சூடு சிறிது நேரம் இறங்கினாலும், பையில் நிரப்பும் இடத்தில் நீராவி குறைந்தாலும், அன்றைக்கு எதுவும் தெரியாது. நாட்கள் கழித்துக் குடோனில் பை உப்பும்போதுதான் தெரியும். அதற்குள் அதே கோளாறோடு எத்தனையோ டிரம் அடுக்கியாகியிருக்கும்.

சூடு இறங்கினால் கூழைத் திருப்பிவிடும் வால்வு இருக்கும்தான். ஆனால் வெளியே லாரிகள் வரிசையில் நிற்க, உள்ளே பழம் கனிந்துகொண்டிருக்க, அந்த வால்வை ஏமாற்றி ஓட்டத் தோன்றும் ஆபரேட்டருக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் லைனை நிறுத்துவானா மாட்டானா என்பது, போன தடவை நிறுத்தியவனை நீ என்ன சொன்னாய் என்பதைப் பொறுத்தது. "ஏன் நிறுத்தினாய்?" என்று எல்லார் முன்னாலும் ஒருமுறை கத்தினால் போதும், அந்த சீசன் முழுக்க உனக்கு உண்மை வராது. நிறுத்தியவனுக்கு முதலில் நன்றி சொல், காரணத்தைப் பிறகு கேள். போர்டில் எத்தனை நிமிடம் நின்றது, எதனால் நின்றது என்று எழுதச் சொல். யாரால் என்று ஒரு கட்டமே வேண்டாம். மாற்றத்தை நடத்துகிறவருக்கு வேண்டிய குணங்களில் இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

அடுத்தது, யாருக்கு எது போகிறது என்பதை மறைக்காமல் சொல்வது. டின் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டி கட்டுவது ஆகிய வேலைகள் குறையும். பழம் பொறுக்குவது, கழுவுவது, வெட்டுவது அப்படியே இருக்கும். கூட்டம் போடும் முன் பிரிவு வாரியாக ஆள் கணக்கை எழுதி வைத்துக்கொள். "யாருக்கும் வேலை போகாது" என்று தெரியாமல் வாக்குக் கொடுத்துவிடாதே. எது மாறும், எது மாறாது, எது இன்னும் முடிவாகவில்லை, அதை எந்தத் தேதியில் சொல்வாய், இவ்வளவும் சொன்னால் போதும். அந்தத் தேதியில் முடிவு வராவிட்டாலும் போய் நின்று "இன்னும் வரவில்லை" என்று சொல். நீ வராமல் இருந்தால் அந்த இடத்தை டீக்கடைப் பேச்சு பிடித்துக்கொள்ளும்.

முந்நூறு பேரை முற்றத்தில் நிறுத்தி மைக்கில் பேசாதே. 15, 20 பேராக, அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே பேசு. நம் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. சம்பளம், ஷிப்டு பற்றிய பேச்சை அந்தந்த மொழியில் ஒருமுறை சொல்ல ஆள் வைத்துக்கொள். ஊர்களிலிருந்து வேனில் வரும் அக்காமார்களுக்கு ஷிப்டு அரைமணி நேரம் தள்ளினாலும் வேனும் தள்ளவேண்டும், வீட்டுச் சமையலும் தள்ளவேண்டும். அதை அவர்களிடமே கேட்டுவிட்டு நேரத்தை முடிவு செய். வேலை நேரம், ஷிப்டு போன்றவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு சொன்னது. 2020-ம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் அதே 21 நாள்தான்.

சூப்பர்வைசர்களுக்கு இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடு. தொழிலாளி முதலில் கேட்பது அவர்களைத்தான். அவர்கள் "எனக்கே தெரியாதும்மா" என்று கைவிரித்தால் நீ பேசியதெல்லாம் வீண். சென்னையிலிருந்து வருகிறவள் நீ என்பதால் இன்னொன்றும் உண்டு. "ஹெட் ஆபீஸ் சொல்லிவிட்டது" என்று ஒருபோதும் சொல்லாதே. முடிவில் உனக்கு உடன்பாடு இல்லை என்றால் அங்கேயே சண்டை போடு. இங்கே வந்தபின் அது உன் முடிவு.

புதிய ஆபரேட்டர்களை வெளியே தேடுவதற்கு முன் டின்னுக்கு மூடி பதிக்கும் சீமிங் மெஷின்காரர்களையும், மூடிய டின்களை நீராவியில் சூடாக்கும் ரிடார்ட்காரர்களையும் பார். நீராவியின் போக்கு அவர்களுக்குக் கைவந்தது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் இரண்டு பேராவது தயாராக இருக்கவேண்டும், ஒருவர் மட்டும் என்றால் அவர் லீவு போட்ட நாளில் லைன் படுத்துவிடும். பயிற்சி மார்ச்சில் வெறும் தண்ணீர் ஓட்டத்தில் தொடங்கட்டும். முதல் லோடுகளைக் குறைந்த அளவில் ஓட்டிப் பழகவேண்டும், பெங்களூரா மாம்பழம் குவியும் நேரத்தில் பழகமுடியாது. முதல் சில வாரம் உற்பத்தி குறையும் என்பதை முதலாளிக்கு இப்போதே எழுத்தில் கொடு. பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

டின் லைனை முதல் சீசனில் கழற்றாதே, ஆனால் நிறுத்தும் தேதியை அறிவித்துவிடு. தேதி இல்லாவிட்டால், சிக்கல் வரும்போதெல்லாம் எல்லாரும் அங்கேயே திரும்பிப் போவார்கள்.

லைன் ஓடத் தொடங்கியதும் சென்னைக்குக் கிளம்பிவிடாதே. பலர் அங்கேதான் தவறுகிறார்கள். குறைந்தது சீசன் பாதிவரை ஷிப்டு மாறும் நேரத்தில் பத்து நிமிடம் தரையில் நில். தரை வழுக்குகிறது, கையுறை பத்தவில்லை என்று யாராவது சொன்னால் மறுநாளே சரிசெய்துகொடு. பெரிய குறைகளைச் சொல்ல அதன்பின்தான் வாய் திறப்பார்கள்.

பொங்கலுக்கு வரும்போது அந்த ஆள் கணக்கை எடுத்துக்கொண்டு வா. பெட்டி கட்டும் பிரிவில் யார் யாரை எங்கே மாற்றலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா