சந்தா கட்டுவதற்கு முன்

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. கச்சேரிகளை நல்ல ஒலித் தரத்தில் கேட்க லண்டனில் எந்த இசைச் செயலிக்குச் சந்தா கட்டலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் காதில் என்ன மாட்டியிருக்கிறாய் என்று பார், ஆத்தா. ப்ளூடூத் என்றால் யாருக்குக் காசு கட்டினாலும் ஒன்றுதான். சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் பெரிய பேர் வாங்கின எல்டாக்கே 990-ஐத் தாண்டாது, சிக்னல் மங்கினால் 330-க்கு இறங்கிவிடும். ஐபோனில் அதுவும் கிடையாது, ஏஏசி என்ற இன்னொரு சுருக்கு முறைதான். ஆகையால் முதல் செலவு கம்பி ஹெட்போனுக்கு. பழைய ஐபோனின் லைட்னிங் அடாப்டரே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை கொடுத்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால்தான் டாக் என்ற தனி ஒலிமாற்றிக் கருவி.

இனி செயலிகள். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதையும் இழக்காத கோப்பு, தருகிறது, கூடுதல் கட்டணமில்லை. ஆனால் அது தானாக வராது; அமைப்புகளில் ஆடியோ தரம் என்ற இடத்தில் நீதான் போட வேண்டும். அங்கேயே டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலியை அணைத்துவிடு, இல்லாவிட்டால் சில ஆல்பங்களில் லாஸ்லெஸுக்குப் பதில் அட்மாஸ் கலவைதான் ஓடும். மேக்கில் இன்னொரு தொல்லை: பாட்டுக்குப் பாட்டு சாம்பிள் ரேட் (அந்த 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் எண்) தானாக மாறாது, ஆடியோ மிடி செட்டப் என்ற மேக் செயலியில் கையால் மாற்ற வேண்டும். டைடல் 2024-இல் எம்க்யூஏ என்ற கோப்பு முறையைக் கைவிட்டு, லாஸ்லெஸான ஃப்ளாக்குக்கு வந்தது நல்ல காரியம். ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் லாஸ்லெஸ் பக்கம் வந்தது. 24 பிட், 44.1 வரை. கோபஸில் சந்தா போக ஆல்பத்தை விலைக்கும் வாங்கலாம். சந்தா நின்றால் மற்ற இடங்களில் இறக்கி வைத்ததெல்லாம் பூட்டிக்கொள்ளும்; வாங்கிய கோப்பு உன்னிடமே இருக்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

எண்களை விட்டுவிட்டு, நீ நிஜமாகக் கேட்கும் பத்து ஆல்பங்களை எழுதி வைத்து, இலவசக் காலத்திலேயே ஒவ்வொன்றிலும் தேடிப் பார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரை ஆங்கிலத்தில் ஒரு 'கே' போட்டும் தேடு, இரண்டு போட்டும் தேடு; தோடியை 'ஹெச்' சேர்த்தும் சேர்க்காமலும் தேடு. ஒரே கச்சேரி இரண்டு மூன்று பதிப்பாக இருக்கும். ஒன்றில் இரைச்சலை நீக்குகிறேன் என்று தம்புராவின் கார்வையையும் சேர்த்து வழித்திருப்பார்கள். கொஞ்சம் 'உஸ்' என்று கேட்டாலும் தம்புரா உயிரோடு இருக்கும் பதிப்பையே எடு. அரியக்குடி 1967-இலேயே காலமானவர். அந்தக் காலத்து நாடாவை 192 கிலோஹெர்ட்ஸில் மாற்றினால் நாடா இரைச்சல்தான் துல்லியமாகக் கேட்கும். குன்னக்குடி வைத்தியநாதனின் பிற்கால ஸ்டீரியோ பதிவுகளுக்கும் சிடி தரமே தாராளம்.

இரண்டு செயலிகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமன் செய்யும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டின் ஒலியளவையும் நீயே ஒன்றாக்கு. சற்று உரக்கப் பாடுவதுதான் காதுக்கு உசத்தியாகத் தெரியும். மிருதங்கச் சாப்பு, ஜால்ரா, கைதட்டல் இவற்றைக் கவனி. சுருக்கிய கோப்பு பிசகுவது அங்கேதான். 256 கிலோபிட் ஏஏசியில் வித்தியாசம் தெரியவில்லையா, வெட்கப்படாதே, பலருக்கும் தெரியாது. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததைக் கலக்கும் க்ராஸ்ஃபேடையும் அணை. ராகம், தானம், பல்லவியைத் துண்டு துண்டாகப் போட்டிருப்பார்கள். தானம் முடியும் முன்னே பல்லவி வந்து மேலே ஏறிவிடும்.

ஊருக்கு வருமுன் அங்கேயே இறக்கிக்கொள். மூன்று நிமிடப் பாட்டு லாஸ்லெஸில் சுமார் 36 எம்பி, 192 கிலோஹெர்ட்ஸில் 145 எம்பி. 10 ஜிபியில் முதல் வகை சுமார் 280 பாட்டு கொள்ளும், இரண்டாவது சுமார் எழுபதுதான்.

ஸ்பீக்கர் கொண்டுவருவதானால் நம் வீட்டு முற்றத்து வளவில் வைக்காதே. ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து ஒவ்வொரு சொல்லையும் திருப்பி அடிக்கும். ஒருமுறை கைதட்டிப் பார், தெரியும். சின்ன அறையில் தரைக்கு ஜமுக்காளம் விரித்து, சுவரை விட்டு இரண்டடி தள்ளி வை. ஜமுக்காளம் பரணில் இருக்கிறது, எடுத்து வெயிலில் போட்டு வைக்கிறேன்.

அப்பச்சி