தட்டில் தேதி எங்கே?

மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம்.

இனிப்புக் கடையில் சில்லறையாக எடை போட்டு விற்கும் ஒவ்வொரு இனிப்பின் தட்டிலும், அதை எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். செய்த தேதியைப் போடுவது கடைக்காரர் விருப்பம், ஆனால் எதுவரை சாப்பிடலாம் என்பதைப் போட்டே ஆக வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைகளுக்கு அதைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பே உங்கள் அலுவலகத்துடையதுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தேதியை எழுத வையுங்கள். வருகிற தீபாவளிக்கு முன்னால் எழுத வையுங்கள்.

போன தீபாவளி என் தங்கைக்குத் தலை தீபாவளி. வீட்டின் கடைசிக் கல்யாணம் என்பதால் அம்மாவுக்கு அது பெரிய விஷயம். புரட்டாசி கடைசியிலேயே பலகார வேலையைத் தொடங்கிவிட்டார். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஆறப்போட்டு, ஈரம் முழுதும் போவதற்குள் இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் பதம் பார்த்து அதிரச மாவு கிளறி வைத்தார். தேன்குழல், ரிப்பன் பக்கோடா, ரவா லாடு எல்லாம் அவர் கையால் செய்ததுதான். முழங்கால் வலியோடு அடுப்படியில் நின்றார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு, மாப்பிள்ளைக்கு என் கையால் செய்து போட வேண்டும் என்று மறுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் பால் இனிப்பு விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, அதை மட்டும் அப்பா கடையில் வாங்கி வந்தார். ஊரில் பேர் பெற்ற கடை. பளபளக்கும் பெட்டி, பொன் எழுத்தில் கடையின் பெயர், அடியில் உங்கள் துறை கொடுத்த 14 இலக்க உரிம எண்.

அந்தப் பெட்டியில் எல்லாம் இருந்தது, தேதி இல்லை.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத் துணி கட்டி, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். பதினோரு மணிவாக்கில் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பலகாரத் தட்டோடு கடை இனிப்பையும் வைத்தோம். மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும்போதே மாப்பிள்ளை வேண்டாம் என்று எழுந்துவிட்டார். சாயங்காலம் வாந்தியும் வயிற்றுப்போக்கும். அவருடைய அக்கா மகளுக்கும் அதேதான், ஐந்து வயதுக் குழந்தை. எங்கள் அத்தைக்கும் அதேதான். தெருவே வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தோம். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மருத்துவமனைக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருந்தார். பக்கத்தில் என் தங்கை பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள்.

உடம்பு சரியாகிவிட்டது. இரண்டாம் நாள் எல்லாரும் எழுந்து நடமாடினார்கள். சரியாகாமல் போனது வேறொன்று. மருத்துவமனை வராந்தாவில் சம்பந்தியம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “வீட்டுல செஞ்ச அதிரசம்தானே சாப்பிட்டாரு? பாகு வச்ச மாவு, ரொம்ப நாளு ஆயிருச்சோ என்னவோ.” கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். ஆனால் அம்மா காதில் அது விழுந்துவிட்டது.

அதிரச மாவு சில நாள் இருந்தால்தான் பதப்படும். வெல்லப் பாகில் கிளறி எண்ணெயில் வெந்த பண்டம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அந்த வீட்டில் அதிரசம் சாப்பிடாதவர் யாருமில்லை, நான் மட்டுமே எத்தனையோ தின்றேன். பால் இனிப்பைத் தொட்டவர்கள் அந்த மூன்று பேர்தான். மிச்சமிருந்ததை நான் முகர்ந்து பார்த்தேன். புளித்த வாடை, விரலில் பிசுபிசுப்பு. இவ்வளவும் தெரிந்தும் எங்களால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. அப்பா மறுநாள் பெட்டியோடு கடைக்குப் போனார். “எங்க சரக்கு தினமும் புதுசா போடுறது சார். நீங்க ஃப்ரிட்ஜுல வைக்காம வெளியில வச்சிருப்பீங்க” என்றார்கள். இந்த இனிப்பு எப்போது செய்தது என்று அப்பா கேட்டார். கல்லாவில் இருந்தவர் பில்லைக் கேட்டார். பில்லில் வாங்கிய தேதி இருந்தது. செய்த தேதி, சாப்பிட வேண்டிய கடைசித் தேதி இரண்டும் எங்கேயும் இல்லை. பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியது. அறுபத்தெட்டு வயது மனிதர் ஊசிப்போன இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றிருக்கிறார்.

அடுத்து வந்த பொங்கலுக்கு அம்மா பலகாரச் சட்டியை அடுப்பில் வைக்கவில்லை. “கடையில வாங்கிக்கலாம், யார்கிட்டயும் பேச்சு வாங்க வேண்டாம்” என்றார். தப்பே செய்யாதவர் சமைப்பதை விட்டுவிட்டார். எந்தத் தப்புக்கும் பதில் சொல்லாத கடைக்கு அந்த வியாபாரமும் போய்ச் சேர்ந்தது. ஐயா, எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தேதி என்பது ஒரு சின்னச் சீட்டு. அது இருந்திருந்தால் அப்பாவுக்குக் கடையில் பேச ஒரு வார்த்தை கிடைத்திருக்கும். அம்மா மேல் பழி வந்திருக்காது. ஒருவேளை, அதைப் பார்த்துவிட்டு அப்பா அந்தப் பெட்டியை வாங்காமலே வந்திருப்பார்.

எந்த இனிப்பு எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு ஆணையமே வழிகாட்டியிருக்கிறது. கலாகண்ட் போன்றவை செய்த அன்றே தீர வேண்டும். ரசகுல்லா, ரசமலாய் போன்ற பால் பண்டங்கள் 2 நாள். கோவா சேர்ந்தவை 4 நாள். நெய்யும் முந்திரி, பாதாமும் சேர்ந்தவை 7 நாள். பாலும் ஈரமும் சேர்ந்த பண்டத்தில் கிருமி வேகமாகப் பெருகும் என்பதுதான் இதற்கெல்லாம் காரணம். கடைக்காரர்கள் இதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். ஆனால் தீபாவளி வேலை பல கடைகளில் வெகு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. கம்பெனிகளுக்குக் கொடுக்கும் பெட்டிகள் முன்கூட்டியே கட்டப்படுகின்றன. அந்தப் பெட்டி முதலாளியிடமிருந்து ஊழியருக்குப் போகிறது, ஊழியர் வீட்டிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறது, அங்கிருந்து வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பிள்ளைகளுக்குப் போகிறது. கடைசியில் அதைத் திறந்து பார்க்கும் குழந்தைக்கு அது எப்போது செய்தது என்று சொல்ல யாருமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. கலவைப் பெட்டி என்று விற்கிறார்களே, அதில் மைசூர்பாகு, முந்திரி கேக், லட்டு, பால் இனிப்பு எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் வேறு. அந்தப் பெட்டிக்கு ஒரே தேதி போட்டால், முதலில் கெடும் பண்டத்தின் தேதியைத்தான் போட வேண்டும். ஏழு நாள் தாங்கும் பண்டத்தின் தேதியைப் பார்த்து இரண்டு நாள் பண்டத்தைத் தின்னக் கூடாது. பால் இனிப்பைத் தனிப் பெட்டியில் கொடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

எங்கள் தெருவில் ஒரு அம்மா வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறார். உங்கள் துறையில் முறையாகப் பதிவு செய்தவர். ஒவ்வொரு பாக்கெட்டிலும் செய்த தேதியையும் காலாவதித் தேதியையும் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டுகிறார். கேட்டால், “சாப்பிடுறவங்க பிள்ளைங்கதானே” என்கிறார். ஒற்றை ஆளாக அவரால் முடிகிறது. கணினி பில், குளிரூட்டிய கடை, சீருடை போட்ட இத்தனை ஊழியர்கள் என்று வைத்திருப்பவர்களால் தட்டுக்கு ஒரு சீட்டு வைக்க முடியாதா? முடியும். வைக்காவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் துறையிலிருந்து செய்திக் குறிப்பு வருகிறது. நானும் நாளிதழில் படிக்கிறேன். ஆய்வு, மாதிரி எடுப்பு, எச்சரிக்கை என்று செய்திகள் வருகின்றன. உங்கள் அலுவலர்களின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆள் குறைவு என்பதும் புரிகிறது. ஆனால் எடுத்த மாதிரியைப் பகுப்பாய்ந்து அறிக்கை கொடுக்க உணவுப் பகுப்பாய்வாளருக்குச் சட்டமே 14 நாள் தருகிறது. தீபாவளி வாரத்தில் எடுத்த மாதிரிக்கு முடிவு வரும்போது அந்த இனிப்பை ஊரே தின்று முடித்திருக்கும். தேதி இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம், 14 நாள் வேண்டாம். கடைக்குள் நுழைந்து கண்ணால் பார்த்தால் போதும். இவ்வளவு எளிதான வேலை ஏன் நடக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

வெளியே சாப்பிடப் போனால் மட்டும் என்ன நிம்மதி? தீபாவளிக்கு இரண்டாம் நாள் அம்மா அடுப்படிப் பக்கமே போகாததால் எல்லாரும் ஓட்டலுக்குப் போனோம். பண்டிகை என்று சாதாரணச் சாப்பாடு கிடையாது, ஸ்பெஷல் சாப்பாடு மட்டும்தான் என்றார்கள். சரி என்று உட்கார்ந்தால், நாங்கள் சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நிற்கிறது. பார்சல் வாங்குகிறவர்களுக்கு ஆவி பறக்கும் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டுகிறார்கள். அந்தப் பையைத் தமிழ்நாடு தடை செய்தது 2019 ஜனவரி 1-ஆம் தேதி. திரும்பி வரும் வழியில் பஜ்ஜிக் கடையில் அச்சு மை படிந்த செய்தித்தாளில் எண்ணெயை ஒற்றி எடுத்துக் கொடுக்கிறார்கள். அதற்கும் தடை இருக்கிறது. சட்டியில் கறுத்துக் கிடந்த எண்ணெய்க்கும் வரம்பு இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கவே கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. எழுதிய விதிகளுக்குக் குறைவே இல்லை. பண்டிகை நாளில் பிள்ளை குட்டிகளோடு சாப்பிடப் போகிறவன் கண்ணில் அவற்றில் ஒன்றுகூடப் படுவதில்லை.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஓட்டல்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இந்த மடலில் கேட்க வந்தது தேதியை மட்டும்தான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் வரை காத்திருக்காமல், ஆயுத பூஜைக்கு முன்பே உங்கள் அலுவலர்களைக் கடைகளுக்கு அனுப்புங்கள். ஆயுத பூஜைக்கே பெட்டி பெட்டியாக இனிப்பு போகிறது. தட்டில் தேதி இல்லாத கடைக்கு அன்றே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி, குறையைச் சரிசெய்யச் சொல்லும் மேம்பாட்டு அறிவிப்பு கொடுக்கும் அதிகாரம் நியமன அலுவலரான உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். சின்னக் கடை, பெரிய கடை என்று பார்க்க வேண்டாம். பெரிய கடையிலிருந்து தொடங்கினால் சின்னக் கடைகள் தாமாகவே எழுதி வைப்பார்கள். தட்டில் இருக்கும் தேதி, எடை போட்டுக் கட்டிக் கொடுக்கும் பெட்டியிலும் இருக்கட்டும். விதி தட்டைப் பற்றித்தான் பேசுகிறது என்று கடைக்காரர்கள் சொல்லக்கூடும். ஆனால் தட்டு கடையிலேயே இருந்துவிடும், வீட்டுக்கு வருவது பெட்டிதான். பெட்டியில் ஒரு முத்திரை குத்தச் சொல்லிக் கூட்டம் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்படுவார்கள்.

கடைகளில் புகார் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். அது கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத உயரத்தில் இருக்கிறது. இனிப்புத் தட்டுகள் இருக்கும் கண்ணாடி மேலேயே அதை ஒட்டச் சொல்லுங்கள். தேதி இல்லாத தட்டைப் பார்த்தால் நாங்களே படம் எடுத்து அனுப்புகிறோம். ஆள் குறைவாக இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு அது உதவியாகவே இருக்கும்.

இந்த வருடமும் தங்கையும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். சம்பந்தி வீட்டாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். இன்னும் பதில் சொல்லவில்லை. அப்பா அதே கடைத்தெருவுக்குத்தான் போயாக வேண்டும். அவர் போவதற்குள் தட்டுகளில் தேதி ஏற ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்த நாளில் ஆய்வு தொடங்கும் என்பதை மாவட்ட மக்களுக்கு நாளிதழ் வழியாகத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் மூத்த மகள்