பீம் கணக்கு பற்றி அப்பா எழுதுவது

மக்களே,

சாஃப்ட்வேரில் உன் பீமுக்கு (உத்திரத்துக்கு) கணக்குப் போட்டு நீ அனுப்பிய படத்தை அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். 6 மீட்டர் பீம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் லோடு, இரண்டு முனையும் செங்கல் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, சுவர் பீமைத் தாங்கும் விசையான ரியாக்‌ஷன் இரண்டு பக்கமும் 60 கிலோநியூட்டன் வந்துவிட்டது, அதனால் மாடல் சரி என்று எழுதியிருக்கிறாய். சரியில்லை மக்களே. நடுவில் மொமென்ட், அதாவது பீமை வளைக்கிற திருப்பம், 30 கிலோநியூட்டன்-மீட்டர் காட்டுகிறது. கையால் போட்டுப் பார், 20ஐ 6இன் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 90 வர வேண்டும். முனைகளில் மைனஸ் 60 வேறு நிற்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற முனையில் மொமென்ட் பூஜ்யம்தான். அங்கே 60 இருக்கிறதென்றால் இரண்டு பக்கமும் ஃபிக்ஸ்டு, அதாவது முனை திரும்பவே முடியாத பிடி, கொடுத்திருக்கிறாய்.

ரியாக்‌ஷனை மட்டும் நம்பாதே. மொத்தம் 120, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறவரை முனையை எப்படிப் பிடித்தாலும் பாதி பாதிதான் வரும். தொய்வோ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து காட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த 30ஐ நம்பி அடிக்கம்பியைக் குறைத்துப் போட்டால், செங்கல் சுவர் முனையைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளாது, நடுவில் அடிப்பக்கம்தான் வெடிக்கும். ஒரு முனைக்கு 'பின்' (pin, நகராது, ஆனால் திரும்பும்) சப்போர்ட், மற்றதற்கு ரோலர் (திரும்பும், நீளவாக்கில் நகரவும் செய்யும்) கொடு, வெயிலில் பீம் நீள்வதற்கும் இடம் வேண்டும்.

அப்புறம் லோடு. நம் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் நிறைந்து ஓடும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே எடை, அதுதான் அசல் யூடிஎல், சீராகப் பரவிய லோடு. அதன் ஓரத்தில் ஒரு ஆள் நடந்து போனால் அது பாயின்ட் லோடு, ஒரே புள்ளியில் இறங்கும் எடை, அவர் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாரோ அந்தத் தூண்தான் பெரும்பங்கு தாங்கும். உன் பீமில் வருவது ஸ்லாப் (கான்கிரீட் தளம்) லோடு. ஸ்லாப் நாலு பக்கமும் பீமில் உட்கார்ந்திருந்து, இந்த 6 மீட்டர்தான் குட்டைப் பக்கம் என்றால் லோடு முக்கோணமாக இறங்கும், நடுவில் அதிகம், முனையில் ஒன்றுமில்லை. அதே 120ஐ முக்கோணமாக வைத்தால் மொமென்ட் 120, எல்லாவற்றையும் நடுவில் ஒரே புள்ளியில் வைத்தால் 180, பரப்பி வைத்தால் 90. ரியாக்‌ஷன் மூன்றிலும் அதே 60. எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதைத்தான் நீ முதலில் பிளானைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், சாஃப்ட்வேர் அதைச் சொல்லித் தராது, நீ கொடுத்ததைக் கூட்டித் தரும், அவ்வளவுதான்.

அந்த 20இல் பீமின் சொந்த எடை சேர்ந்திருக்கிறதா? 230க்கு 450 மில்லிமீட்டர் கான்கிரீட் பீம் என்றால் மீட்டருக்கு சுமார் 2.6 கிலோநியூட்டன் வரும், சில சாஃப்ட்வேர் தனியாகக் கேட்டால்தான் அதைச் சேர்க்கும். மேலே சுவர் கட்டினால் அதுவும் உண்டு.

இன்றைக்கே சப்போர்ட்டை மாற்றி ஓட்டிவிட்டு மொமென்ட் படத்தை அனுப்பு, ஸ்லாப் பிளானும் சேர்த்து. கம்பிக் கணக்கை அதற்குப் பிறகு தொடு. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடலாம், நான் முழித்திருப்பேன்.

அப்பா