மாஸ்க்கைக் கழற்றிப் போட்டவர்களைக் கொஞ்சம் பாருங்கள்: டெல்டா பல் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பல் மருத்துவம் பார்க்கும் டாக்டர்களுக்கு வணக்கம்.

இதை நுரையீரல் டாக்டர்களுக்கோ சுகாதாரத் துறைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கு, அதுதான் ஸ்லீப் ஆப்னியா, மூக்கில் மாட்டிக் காற்றைத் தள்ளுகிற மாஸ்க் மெஷினை விட்டால் வேறு வழியே கிடையாது என்று நினைத்துக்கொண்டு, அந்த மாஸ்க்கும் ஒத்துவராமல், எந்த வைத்தியமும் இல்லாமல் காலம் தள்ளுகிறவர்களை எங்கள் பக்கம் பார்க்கிறேன். அவர்களில் சிலருக்காவது கீழ்த்தாடையைச் சற்று முன்னால் இழுத்துப் பிடிக்கிற பல் கருவி உதவும். அதை அளவெடுத்துச் செய்து பொருத்த வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்களிடம் வந்து கேட்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் நெல் லாரி ஓட்டுகிறார். கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கு மூட்டை ஏற்றிப் போகிற வேலை. குறுவை அறுப்பு வந்துவிட்டால் இரவு பகல் கிடையாது. அவர் குறட்டையைக் கேட்டு என் மாமியார், "உழைச்ச உடம்பு, அசந்து தூங்குது" என்பார். குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்ற நினைப்பு நம் ஊரில் இன்னும் போகவில்லை. அப்படி அசந்து தூங்குகிறவர் திடீரென்று சத்தமே இல்லாமல் கிடப்பார். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. அப்புறம் குளத்தில் முங்கியவர் தலையைத் தூக்குவதுபோல ஒரே இழுப்பாக இழுப்பார். பக்கத்தில் படுத்திருக்கிற எனக்குத்தான் தூக்கம் போனது. லோடு ஏற்ற வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் தலை சாய்த்தால் பரவாயில்லை. தஞ்சாவூர் சாலையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கண் செருகினால்? கூட வந்த கிளீனர் தட்டி எழுப்பியதை வீட்டில் வந்து சொன்ன அன்றைக்குத்தான் டாக்டரிடம் போக ஒத்துக்கொண்டார்.

ஸ்லீப் டெஸ்ட்டில் மணிக்கு 22 முறை என்று வந்தது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலும், மூச்சு நன்றாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும் ஒரு முறை என்று கணக்காம். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் போனால் கடுமையானது. உங்களுக்கு இது தெரிந்த சங்கதி. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாஸ்க்கை நான் குறை சொல்ல வரவில்லை. 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் என்ற டாக்டர் சிபேப் என்கிற இந்த மாஸ்க் மெஷின் முறையை வெளியிடும் வரைக்கும், நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது. இன்றைக்கும் மூச்சு அடைப்பை முழுசாக நீக்குவதில் மாஸ்க்கை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் மாட்டினால்தானே? இவருக்கு மூக்கடைப்பு. நடுராத்திரியில் தன்னை அறியாமல் பிய்த்துப் போட்டுவிடுவார். மாதத்தில் பாதி நாள் லாரி கேபினில் படுக்கை. அங்கே பிளக் ஏது? வீட்டில் இருந்தாலும் கரண்ட் நம் கையில் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்துவிட்டுப் போனபின் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி கிராமங்களில் எத்தனை வாரம் இருட்டில் கிடந்தோம் என்பது உங்களுக்கும் தெரியும். கரண்ட்டை நம்பியிருக்கிற வைத்தியத்துக்கு நம் பகுதியில் இன்னொரு மாற்று இருப்பது நல்லது.

அந்த மாற்றை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாஸ்க் எழுதிக்கொடுத்த இடத்தில், "போட்டுத்தான் ஆகணும், பழகிடும்" என்பதோடு சரி. 2015இலேயே அமெரிக்கத் தூக்க மருத்துவர்களும் தூக்க நோய்க்குக் கருவி செய்யும் பல் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், மாஸ்க் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வேறு வழி கேட்கிறவர்களுக்கும் பல் கருவி கொடுக்கலாம் என்கிறது. ஒன்றுமே போடாமல் விடுவதைவிட இது மேல் என்பது அதன் சாரம். மாஸ்க் அளவுக்கு மூச்சு அடைபடும் எண்ணிக்கையைக் குறைக்காவிட்டாலும், இந்தக் கருவியை இரவில் அதிக நேரம் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்பதால் ரத்த அழுத்தம், பகல் தூக்கம் போன்றவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

எங்களுக்கு முதலில் கிடைத்தது போலி மாற்று. ஒரு கிளினிக்கில் வெந்நீரில் போட்டு இளக்கிக் கடிக்கச் சொல்லும் ரப்பர் துண்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆன்லைனில் யாரும் வாங்கக்கூடிய சாமான். அதில் தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வழி இல்லை. ராத்திரி வாயிலிருந்து கழன்று தலையணையில் கிடக்கும். காது ஓரத்தில் தாடை வலி வேறு. திரும்ப ஸ்லீப் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு வேறு ஊரில் ஒரு பல் டாக்டர் முறையாகச் செய்து கொடுத்தார். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் தனித்தனியாக அளவெடுத்தார். கீழ்த்தாடையை எவ்வளவு முன்னே தள்ள முடிகிறது என்று ஒரு அளவுகோலில் பார்த்தார். அதில் பாதிக்குச் சற்று மேலான தூரத்தில் ஆரம்பித்தார். வந்தது பல் செட்டு மாதிரி இரண்டு அக்ரிலிக் தட்டு, இரண்டு பக்கமும் பொடி திருகு, அதைத் திருப்ப ஊசி அளவுக்கு ஒரு சாவி. ஒரு திருப்புக்கு மயிரிழைதான் நகரும். அந்தச் சாவியைச் சாமி மாடத்தில் விபூதி டப்பாவுக்குள் வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் தொலைந்துவிடும். தாடை முன்னே வரும்போது நாக்கும் கூடவே முன்னே வருகிறது, தொண்டை அடைபடாமல் இருக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். காலையில் கழற்றினால் கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று சேராது. குளித்துவிட்டு இட்லிக்கு உட்காரும்போது சேர்ந்துவிடும். ஆரம்பத்தில் எச்சில் வழிந்து தலையணை உறை நனைந்தது, அதுவும் அடங்கியது. திருகி முடித்தபின் எடுத்த டெஸ்ட்டில் மணிக்கு 6.

எல்லோருக்கும் இப்படி வராது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் போதிய பலன் கிடைப்பதில்லை என்று அந்த டாக்டரே முதல் நாளே சொல்லிவிட்டார். குறட்டை நின்றுவிடும், மூச்சு அடைப்பு நிற்காமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். அதுதான் எனக்குப் பெரிய பயம். அதனால்தான் கருவி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை ஸ்லீப் டெஸ்ட் எடுக்காமல் ஒருவரையும் அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு டியூப், நெஞ்சில் ஒரு பெல்ட் என்று வீட்டிலேயே எடுக்கிற டெஸ்ட்டும் இருக்கிறது.

இன்னொன்று நம் மண்ணுக்கே உரியது. கருவி பிடித்து நிற்க ஒவ்வொரு வரிசையிலும் எட்டு பத்து உறுதியான பல்லாவது வேண்டும். கும்பகோணம் வெற்றிலையும் சீவலும் புகையிலையுமாகப் போட்டு ஈறு கரைந்த வாய்களைத் தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள். பாக்கு மென்றே வாய் இறுகி இரண்டு விரல்கூட உள்ளே போகாதவர்களையும் பார்க்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு அளவெடுத்துத் தட்டு மாட்டினால் பல்லும் போகும், காசும் போகும். முதலில் ஈறைப் பாருங்கள், முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். நோய் கடுமையாக இருப்பவர், ராத்திரியில் ஆக்சிஜன் ரொம்ப இறங்குகிறவர், மூளையிலிருந்தே மூச்சுக்கு உத்தரவு சரியாக வராதவர், இவர்களையெல்லாம் தூக்க மருத்துவரிடமே அனுப்ப வேண்டும். வருஷக்கணக்கில் போட்டால் பல் கொஞ்சம் நகரும், கடி மாறும் என்பதையும் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். எங்களிடம் சொன்னார்கள், தெரிந்துதான் ஒத்துக்கொண்டோம்.

நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, அது தூக்க மருத்துவரின் வேலை. ஆனால் சந்தேகப்பட உங்களைவிட வசதியான இடத்தில் யாரும் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017இல் தன் டாக்டர்களிடம் இதைத்தான் சொன்னது: வருகிறவர்களிடம் இந்த நோயின் அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உரிய இடத்துக்கு அனுப்புங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கிப் போகிறவர், பருத்த கழுத்து, உள்ளே தள்ளிய சின்னத் தாடை, ஓரம் முழுக்கப் பல் தடம் பதிந்த நாக்கு, இத்தனையும் உங்கள் நாற்காலியில்தான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. பல்லில் டிரில் ஓடும்போதே தூங்கி விழுகிறவர்களும் உண்டாமே! சொத்தை அடைக்க வந்தவரிடம் குறட்டை உண்டா, பகலில் கண் அசருகிறதா என்று இரண்டு கேள்வி கேட்க எவ்வளவு நேரமாகும்? கூட வந்த மனைவியிடமும் கேளுங்கள். அவர் தன் குறட்டையைக் கேட்டதே இல்லை, நாங்கள்தான் கேட்கிறோம்.

சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கிற அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு நாள் இதற்கென்று ஓ.பி. வைத்தால், தனியார் கட்டணம் கட்ட முடியாத டிரைவரும், அறுவடை மெஷின் ஓட்டுகிறவரும், மில் வாட்ச்மேனும் வருவார்கள். பல் செட்டு செய்கிற லேப் ஆட்களுக்கும் பயிற்சி கொடுத்தால் இதற்காகச் சென்னைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

கிளினிக் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒரு தாள். அளவெடுக்கும் செலவு, கருவியின் விலை, திருகிச் சரிசெய்ய எத்தனை முறை வர வேண்டும், மறு டெஸ்ட் எங்கே, யாருக்கு இது ஆகாது, உடைந்தால் என்ன செய்வது. இதையெல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில் அடித்து, முதல் நாளே கையில் கொடுங்கள். அடுத்த குறுவை அறுப்புக்கு முன்னால் கொடுத்தால், எங்கள் பக்கத்து லாரி ஷெட்டுகளில் ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெல் லாரி டிரைவர் ஒருவரின் மனைவி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்